மணி ஒலிக்காத நிறுத்தம்

கூதிர்ப் பருவத்தின் பிற்பகுதியில் மழை பெய்து தீர்வதுமில்லை, ஓய்ந்துவிடுவதுமில்லை. தன் சுமையை ஒரே பகலில் இறக்கிவைத்துவிட்டு அப்பால் செல்லும் கார்முகிலின் பெருந்தன்மை அதற்குக் கிடையாது. விடியலிலும் அந்தியிலும் ஒரே சாம்பல் நிறம். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். வாடைக்காற்று கதவிடுக்கில் நுழைந்து உறங்குகிறவர்களின் முழங்காலைத் தேடிப் பிடிக்கும். பழம்புலவர்கள் இக்காலத்தைக் காத்திருப்பவர்களுக்கென ஒதுக்கிவைத்தார்கள். பாசறையில் இருப்பவன் வீட்டை நினைப்பான். வீட்டில் இருப்பவள் வழியைப் பார்ப்பாள். இருவருக்கும் நடுவே தேர்ப்பாகன் ஒருவன் நனைந்துகொண்டு நிற்பான். விரைந்து செலுத்து என்று அவனிடம் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கும் ஒரு மனம் உண்டா என்று கேட்டவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட ஒரு விடியலில், பேருந்துப் பணிமனையின் தகரக் கூரையின்கீழ், ஓட்டுநர் தம் வண்டியின் முன்கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஆறாம் எண் தடத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள். அவற்றுள் பதினெட்டு ஆண்டுகள் அவருக்குப் பின்னால் நின்று மணியடித்தவர் அவர் மனைவியின் தம்பி. 'போகலாம், ரைட்டு' என்பதில் முற்பாதியை விழுங்கிவிட்டுப் பிற்பாதியை மட்டும் சொல்வதால் நடத்துநருக்குப் பணிமனையில் ரைட்டு என்றே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய மெய்ப்பெயர் வழங்கவில்லை.

வண்டிக்குள் அவ்விருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் புறப்படு. மூன்று என்றால் உள்ளே இடமில்லை, அடுத்த நிறுத்தத்தில் நிற்காதே. படியில் ஏறிய முதியவள் கம்பியைப் பிடித்துவிட்டாளா, பள்ளிப் பிள்ளையின் பை கதவில் சிக்கியிருக்கிறதா என்பவையெல்லாம் பின்னால் இருப்பவரின் கவலைகள். இரண்டு மணி கேட்டால், தம் முதுகுக்குப் பின்னால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

அன்று பின்படி பூட்டப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் அருகே அட்டையைத் தொட்டால் பயணச்சீட்டைப் பதிவுசெய்யும் பொறி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். நடத்துநர் இல்லாமல் ஆறு நாள் சோதனை ஓட்டம். ஆறு நாளும் வண்டி நேரம் தவறாமல் ஓடினால், அந்தத் தடத்தின் பதினான்கு நடத்துநர் பணியிடங்களும் நீக்கப்படும். தவறினால் அடுத்த ஆண்டுவரை அந்தப் பேச்சே எழாது. நேரம் தவறாதவர் என்று பெயர் வாங்கியவர் என்பதால், மேலாளர் இவரையே தேர்ந்தெடுத்திருந்தார்.

வேலையில்லாவிட்டாலும் ரைட்டு சீருடை அணிந்து வந்திருந்தார்.

"என்ன அத்தான், கண்ணாடிய இந்தத் தேய் தேய்க்கிறீங்க? பொண்ணு பாக்கவா போறீங்க?"

"சும்மா இரு மாப்ளே. ஆறு நாள்தான். சோதனைன்னுதானே போட்டிருக்கான்."

"போஸ்ட்மார்ட்டத்தைக்கூட சோதனைன்னுதான் சொல்றாங்க." ரைட்டு சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நீங்க நல்லா ஓட்டுங்க. எனக்காக ஒண்ணும் பண்ணிராதீங்க. அக்கா என்னைக் கொன்னுடும்."

ஓட்டுநர் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார். எப்படி ஓட்டுவது என்று அவர் இரவெல்லாம் எண்ணிப் பார்த்திருந்தார். நன்றாக ஓட்டினால் மைத்துனன் வேலை போகும். மெதுவாக ஓட்டினால் தம் பெயர் போகும். விடியும்வரை முடிவு கிட்டவில்லை. வண்டியைத் தானாகப் போகவிடுவோம் என்று ஏறி உட்கார்ந்தார்.

முதல் எட்டு நிறுத்தங்களும் குறையின்றிக் கழிந்தன. சோதனை அலுவலர் முன்னிருக்கையில் கைக்கடிகாரமும் படிவமுமாக உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்கள் ஏறி முடிந்ததும், தமக்கே தெரியாமல், "ம், போகலாம்" என்பார். வண்டி போகும். ஒன்பதாவது நிறுத்தம் மருத்துவமனை. கையில் மாவுக்கட்டுப் போட்ட பெண்ணொருத்தி ஏறினாள். அலுவலர் நல்லவர், எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போனார்.

கதவு மூடியது. மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இரு கைகளையும் சக்கரத்தின்மேல் வைத்து, கண்ணைச் சாலையில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் கழிந்தது. இன்னும் யாரோ ஓடிவருகிறார் போலும் என்று பயணிகள் நினைத்தார்கள். மூன்று நிமிடம். எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அலுவலர், எதற்காக நிற்கிறது என்று பார்ப்போம் எனப் படிவத்தில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினார். ஏழாவது நிமிடத்தில் மாவுக்கட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"டிரைவர் அண்ணா, வண்டி ஏதாச்சும் ரிப்பேரா?"

"இல்லம்மா," என்றார் ஓட்டுநர், திரும்பாமல். "இன்னும் மணி அடிக்கலையே."

வண்டி முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பு ஏன் எழுந்தது என்பது அவருக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல்வரை சூடேறியது. கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மாலையில் பணிமனைக்குத் திரும்பியதும் குறிப்பாணை காத்திருந்தது. மருத்துவமனை நிறுத்தத்தில் வண்டியை வேண்டுமென்றே ஏழு நிமிடம் நிறுத்திவைத்துச் சோதனை ஓட்டத்துக்கு ஊறுவிளைவித்ததாகக் குற்றச்சாட்டு. மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தவறினால் இடைநீக்கம்.

அவர்கள் வீடு கீழே இரண்டு அறை, மாடியில் ஓர் அறை. கீழே ஓட்டுநரும் அவர் மனைவியும். மாடியில் ரைட்டும் அவர் மனைவியும். அடுப்பு ஒன்றுதான். ஓட்டுநர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் நிரப்பி இரு கால்களையும் அதில் விட்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய கடையொன்றில் அவளுக்கு வேலை. முன்பு பில் போடும் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது வாடிக்கையாளர்கள் தாமே பில் போட்டுக்கொள்ளும் பொறிகள் எட்டு. அவற்றுக்குத் துணையாக இவள் ஒருத்தி. நாள் முழுக்க நிற்க வேண்டும்.

"வாங்க," என்றாள் சுரத்தில்லாமல். "இன்னிக்கு ஒரு மெஷின் முப்பது தடவை அழுதிருச்சு. பையில ஏதோ இருக்கு, எடுங்க எடுங்கன்னு. ஓடி ஓடிப் போய் சமாதானம் பண்ணேன். மெஷினுக்கு ஆயா வேலை பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு. ஏன் முகம் இப்படிக் கெடக்கு?"

அவர் சொல்வதற்குள் மாடிப்படியில் தடதடவென்று ஓசை எழுந்தது. ரைட்டு இறங்கி வந்தார். வந்தவர் அத்தானை இறுகக் கட்டிக்கொண்டார். கண்கள் நனைந்திருந்தன.

"டிப்போ பூரா அதே பேச்சு அத்தான். மணி அடிக்காம வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே! செக்கர் முகத்துக்கு நேரா! எனக்கு இந்த மாதிரி யாரு பண்ணுவா? எங்கப்பன் பண்ணியிருப்பானா?"

"டேய், என்னடா உளர்றே?" என்றாள் அக்காள், வாளியிலிருந்து காலை எடுக்காமலே. "என்னங்க இது?"

ஓட்டுநர் வாயைத் திறந்தார். பின்னால் மாடிப்படியின் அடியில் ரைட்டின் மனைவி கையில் கீரைக்கட்டோடு நின்றிருந்தாள். மின்கட்டணம் வாங்கும் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்தவள். மக்கள் கைப்பேசியிலேயே கட்டத் தொடங்கியபின், சென்ற ஆண்டு அந்தக் கவுண்டரை மூடிவிட்டார்கள். அன்றுமுதல் அவள் முகத்தில் காணாத ஓர் ஒளியை ஓட்டுநர் அப்போது கண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பசிக்குது," என்றார். "சோறு போடு."

சோறும் கீரையும் வேகவைத்த முட்டையும் வட்டத் தட்டுகளில் வந்தன. கீரை ஆய்ந்த செய்தித்தாள் தரையில் விரிந்து கிடந்தது. ரைட்டின் மனைவி அதிலிருந்த ஒரு கட்டத்தைக் குனிந்து படித்தாள்.

"அண்ணி, இதைக் கேளுங்க. மாநிலத்துல வணிகம், போக்குவரத்து, மின்சாரம் மூணையும் சேத்துப் பாத்தா வேலைவாய்ப்பு போன வருஷத்தைவிட ஏறியிருக்காம்."

"எங்க ஏறிச்சு?"

"கிடங்குலயாம். பார்சல் கிடங்கு. கடையில குறைஞ்சிருக்கு, மின்சாரத்துல குறைஞ்சிருக்கு, பஸ்ல குறைஞ்சிருக்கு. கிடங்குல ரொம்ப ஏறினதால மொத்தத்துல ஏத்தமாத் தெரியுதாம்."

"அந்த மூணு துறையும் இந்த ஒரு தரையில உக்காந்து கீரை தின்னுட்டிருக்கு," என்றாள் அக்காள். "நம்மைக் கேட்டா எழுதினான்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர் மட்டும் முட்டையை இரண்டாகப் பிட்டு, பிட்டதைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொழிற்சங்கத் தலைவர் அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். பணிமனைச் சுவரில் அவரைப் பாராட்டி ஒரு தாள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது.

"விளக்கத்துல ஒரே வரி எழுதுங்கண்ணே. சக தொழிலாளிக்காக வண்டியை நிறுத்தினேன்னு. மத்ததை நாங்க பாத்துக்கிறோம். சஸ்பெண்ட் பண்ணட்டும், மறுநாளே ஒரு வண்டி வெளிய போகாது."

"போகலைன்னா?"

"போராட்டம்தான்."

"வண்டி போச்சுன்னா?"

தலைவர் தேநீரை ஊதினார். "அதெல்லாம் போகாதுண்ணே. நம்புங்க."

மேலாளர் வேறு வழியில் பேசினார். அவரும் களைத்தவர். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். வேணும்னு நிறுத்தியிருந்தா அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மறதியா நடந்துச்சுன்னா அப்படியே எழுதுங்க. அந்த ஓட்டத்தைக் கணக்குல எடுக்காம, ரெண்டு நாள் பயிற்சி குடுத்து அடுத்த வாரம் மறுபடி ஓட்டச் சொல்வேன். ரெண்டுல ஒண்ணுதான். யோசிச்சுக்குங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது ரைட்டு கூடத்தில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் படிவத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். கிடங்கு வேலைக்கான விருப்பப் படிவம் அது. பணியிடம் நீக்கப்பட்டால் பார்சல் கிடங்கில் இடம் வேண்டும் என்போர் மறுநாள் மாலைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தராதவர்களுக்குப் பிறகு எந்த வேலையும் கிடையாது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"எதுக்கு? நீங்க அங்க கழுத்தைக் குடுத்துட்டு நிக்கிறீங்க. நான் இங்க கிடங்குக்கு மனு போட்டா நல்லாருக்குமா? பதிமூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அத்தான் நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்னு." மடித்த படிவத்தை ஆடுகிற நாற்காலியின் காலடியில் செருகி, ஆட்டம் நின்றதா என்று அசைத்துப் பார்த்தார்.

ஓட்டுநர் ஈரச் சட்டையைக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

"மாப்ளே, நான் உனக்காக நிறுத்தலை."

"தன்னடக்கத்தைப் பாரு இவருக்கு!"

"சத்தியமா சொல்றேன். நான் யாருக்காகவும் நிறுத்தலை. மணி வரும்னு உக்காந்திருந்தேன். அவ்ளோதான். வராதுங்கிறதே எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பொண்ணு கேக்காட்டி இன்னும் அங்கேயே உக்காந்திருப்பேன்."

அடுப்பில் பால் பொங்கி வழியும் ஓசை கேட்டது. கூடத்து வாசலில் வந்து நின்றிருந்த பெண்கள் இருவரும் அடுப்புக்குத் திரும்பவில்லை.

"நேத்து ஏன் சொல்லலை?" என்றார் ரைட்டு கடைசியில்.

"நீ அழுதே. உன் பொண்டாட்டி முகத்துல சிரிப்பு. எனக்கு வாய் வரலை."

"அப்போ மனசுல எனக்காகன்னு ஒண்ணுமே இல்லையா?"

ஓட்டுநர் எண்ணிப் பார்த்தார். பொய் சொல்வதற்கு எளிய இடம் அது.

"முதல் நாள் ராத்திரி பூரா இருந்துச்சு. மெதுவா ஓட்டலாமா, எங்கயாச்சும் நிறுத்தலாமான்னு. விடிஞ்சதும் தைரியம் இல்லை. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்குன்னு நினைச்சேன். நல்லாத்தான் ஓட்டினேன் மாப்ளே. உன் வேலை போகட்டும்னுதான் ஓட்டினேன். கைதான் கேக்கலை."

ரைட்டு எழுந்து மாடிக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. அக்காள் கணவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

"தலைய தொவட்டுங்க. சளி பிடிச்சா அதுக்கும் நான்தான் நிக்கணும்."

ரைட்டின் மனைவி நாற்காலியின் காலடியிலிருந்து மஞ்சள் படிவத்தை உருவி எடுத்தாள். மடிப்புகளை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினாள்.

"எங்க கவுண்டரை மூடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க ஆபீசர் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு அண்ணா," என்றாள். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. அதை நம்பி வேற ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டதுக்கு நான் போகலை. நீங்க இன்னிக்காச்சும் சொன்னீங்க."

அவள் படிவத்தோடு மாடிக்குப் போனாள். நெடுநேரம் மேலே பேச்சொலி கேட்டது, ஒருமுறை உரத்தது, பிறகு தணிந்தது. கீழே இருவரும் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, மிஞ்சியதை ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள்.

ரைட்டு இறங்கி வந்தபோது கையில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. பதினெட்டு ஆண்டுகள் ஓடும் வண்டியில் நின்றுகொண்டே பயணச்சீட்டுக் கணக்கு எழுதிய கை அது; அசையாத மேசையில் அச்சுக் கோத்ததுபோல எழுதும்.

"ஒரு நாள் பூரா ஹீரோவுக்கு மச்சானா இருந்தேன்," என்றார், அத்தான் முகத்தைப் பார்க்காமல். "நல்லாத்தான் இருந்துச்சு. சரி, விளக்கத்தைச் சொல்லுங்க, எழுதறேன். உங்க கையெழுத்தைப் பாத்தா அதுக்கே தனியா மெமோ குடுப்பான்."

"நீ ஏன் எழுதணும்? இதை எழுதினா சோதனை மறுபடி நடக்கும். நான் ஓட்டிருவேன். உன் வேலை..."

"தெரியும். எழுதலைன்னா இப்போ உங்க வேலை போகும், அடுத்த வருஷம் எப்படியும் என் வேலை போகும். ஒரு வீட்டுல ரெண்டு பேரும் குப்புற விழறதுக்கு என்ன போட்டியா? அக்கா சம்பளத்துல நாலு வயிறு. அதுவும் அந்த மெஷினு தானே சமாதானமாகக் கத்துக்கிற வரைக்கும்." பேனாவின் மூடியைக் கடித்துக் கழற்றினார். "சொல்லுங்க. மரியாதைக்குரிய ஐயா..."

விளக்கம் ஒரு பக்கத்தில் முடிந்தது. நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டிருந்தது. அடியில் ரைட்டு கேளாமலே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: இவரை இப்படிப் பழக்கியவன் நான்; பழக்கத்தை மாற்றிக் கொடுப்பதும் என்னால் முடியும். அதன்கீழ்த் தம் மெய்ப்பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அதே பேனாவால் மஞ்சள் படிவத்திலும் கையொப்பமிட்டார்.

பயிற்சிக்கு மேலாளர் ஒரு பழைய வண்டியையும் பணிமனையின் பின்முற்றத்தையும் கொடுத்தார். பகல் வேளை. மழை தூறிக்கொண்டிருந்தது. ரைட்டு சுண்ணாம்பால் தரையில் நான்கு கோடுகள் இழுத்தார். ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம். அவரே பயணியாகி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"இப்போ கண்ணாடியப் பாருங்க. படி காலியா? சொல்லுங்க."

"காலி."

"உள்ள நிக்கிறவன் கம்பியப் புடிச்சிருக்கானா?"

"புடிச்சிருக்கான்."

"அப்போ போங்க."

"நீ போன்னு சொன்னதாலதானே போறேன்?"

"அதுவும் சரிதான்." அவர் கீழிறங்கி, சுவரோரம் குடைபிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். "இப்போ நான் இல்லை. நீங்களே பாத்துக்குங்க."

ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் வெற்று இருக்கைகள் வரிசையாகத் தெரிந்தன. பதினெட்டு ஆண்டுகளாக அவர் பார்க்காத பக்கம் அது. இடப்பக்கம் மூன்றாம் இருக்கையின் உறை கிழிந்து யாரோ தைத்திருந்தார்கள். ஒரு கம்பி மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்து பளபளத்தது. பின்படியருகே ஆள் நிற்கும் இடத்துக் கம்பி. வண்டி நகரவில்லை. குடையின் கீழிருந்தவர் திரும்பவுமில்லை. நெடுநேரத்துக்குப் பின் வண்டி மெல்ல உறுமி, முதல் கோட்டைக் கடந்தது. இரண்டாவது கோட்டில் நின்றது, கடந்தது. நான்காவதைக் கடந்தபோது ரைட்டின் தோள்கள் தளர்ந்து இறங்குவதை ஓட்டுநர் கண்ணாடியில் கண்டார்.

அடுத்த வாரச் சோதனை ஆறு நாளும் நேரம் தவறாமல் முடிந்தது. சுவரிலிருந்த பாராட்டுத்தாளைச் சங்கத்தார் கிழிக்கவில்லை. மழையே ஊறவைத்து உரித்துப் போட்டது. சிலர் ஓட்டுநரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பதினான்கு பேருள் பதினொருவர் படிவம் தந்திருந்தார்கள். மற்ற மூவரும் ரைட்டின் முதல் நாள் சொல்லைக் கேட்டுப் படிவம் தராமல் விட்டவர்கள். அவர்கள் வீடுகளுக்கு ரைட்டு தனித்தனியாகப் போய் வந்தார். இருவர் கதவைத் திறந்தார்கள். ஒருவர் திறக்கவில்லை. அதன்பின் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கிடங்கு ஊருக்கு வெளியே, ஆறாம் எண் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இருந்தது. முதல் நாள் காலை ரைட்டு, இடுப்பில் புதிய நீலச் சட்டை தொளதொளக்க, அத்தானின் வண்டியிலேயே ஏறினார். மற்றவர்களைப்போல் அட்டையைப் பொறியில் தொட்டார். உட்கார இடமிருந்தும் நின்றார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் முன்கதவருகே வந்து தயங்கினார்.

"ஒரு ஷிப்டுக்கு பதினஞ்சு கிலோமீட்டர் நடக்கணுமாம் அத்தான், சாமான் எடுக்க. நான் அவங்ககிட்ட சொன்னேன், பதினெட்டு வருஷம் போன தூரத்தையெல்லாம் நின்னே போனவன், இனிமேலாச்சும் நடந்து பாக்கறேன்னு."

"சிரிச்சாங்களா?"

"எங்க? காதுல ஏதோ மாட்டியிருக்காங்க. அது சொல்றதைத்தான் கேப்பாங்களாம்." அவர் படியில் இறங்கினார். "வரேன் அத்தான்."

கூரையில்லாத நீண்ட நடைபாதை வழியே நீலச் சட்டைகள் வாயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களுள் எவர் தம் மைத்துனர் என்று கண்டுகொள்ள முடியாத தொலைவு வரும்வரை ஓட்டுநர் பார்த்திருந்தார். பிறகு இயந்திரத்தை அணைத்தார். வெற்று வண்டிக்குள் காலணிகளைக் கழற்றிவைத்து எழுந்து, நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று, இரு கைகளையும் கூப்பிக் கண்களை மூடினார். தமக்கென்று எதையும் கேட்கவில்லை. யாரிடம் எப்படிக் கேட்பது என்ற முறையும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே சொல்லாகிய இறைவன் பெயரை மூன்றுமுறை மெல்லச் சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது கிடங்கின் வாயில் அந்த வரிசையை முற்றிலும் உள்வாங்கியிருந்தது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, எவர் காதிலும் விழாத குரலில் சொன்னார்:

"நல்லா இருப்பே மாப்ளே. கால் நோகாம, மனசு நோகாம, போற இடமெல்லாம் நல்லா இருப்பே."